உடுமலை பஸ்ஸுக்கு நிற்கும் நால்வர்

இல்லை, இன்னும் அழவில்லை. கேட்கிற எல்லாருக்கும் இதே பதில்தான் சொல்கிறேன். உனக்கும் இதுதான்.

விடுதிக்கு எதிர்வீட்டில் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து தின்னர் வாசனை. ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வந்தது. மேஜைமேல் அந்த அட்டைப்பெட்டி இருக்கிறது. நேற்று நசீமாவும் சுதாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். திறக்கவில்லை. உள்ளே இருப்பவர்களைத் தெரியும். நாம் நான்கு பேர். ஆள்காட்டி விரலில் முக்கால் உயரம்.

உன் கட்டிலில் இன்னும் யாரையும் போடவில்லை. துவைத்த துணிகளை அதில்தான் போடுகிறேன்.

மஸ்கட்டிலிருந்து வந்த உன் அண்ணன், மாமா மகனுக்கென்று வாங்கிவந்த பெட்டி அது. நீ தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். மூடியில் நான்கு வெளிநாட்டுச் சிப்பாய்கள். உள்ளே சாம்பல்நிற பிளாஸ்டிக் சட்டத்தில் கைகள், கால்கள், தலைகள் தனித்தனியாக. வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். நீ மூடியை வெகுநேரம் பார்த்தாய்.

"சண்டைக்குப் போறவிங்களாட்டமா இருக்கு? உக்கடத்துல பஸ்ஸுக்கு நிக்கற நம்மளாட்டம் இருக்கு."

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் உன்னை உடுமலை பஸ் ஏற்ற நாங்கள் மூன்று பேரும் உக்கடம் வருவோம். பஸ் வரும்வரை நிற்போம். அப்படி நிற்பதையே பொம்மைகளாகச் செய்வது என்று முடிவானது.

முதலில் இந்த அறையில்தான் செய்தோம். தின்னர் வாசனைக்கு வார்டன் வந்து கதவைத் தட்டினார். "என்னத்தம்மா குடிக்கறீங்க உள்ள?" அதோடு கோட்டைமேட்டில் நசீமா வீட்டு மொட்டைமாடிக்கு மாறினோம். சுதா அவள் அப்பாவின் மோட்டார் பட்டறையிலிருந்து பெயிண்டும் தின்னரும் கொண்டுவந்தாள். நசீமா பிளேடால் துப்பாக்கிகளை அறுத்தாள், இரும்புத் தொப்பிகளைச் சீவினாள். குழாய் ஒழுக்கை அடைக்கும் பசையைப் பிசைந்து நீ கொண்டை வைத்தாய், பின்னல் வைத்தாய். மெல்லிய காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்து இடுப்பில் சுற்றினால் புடவை. காய்ந்ததும் கொசுவம் அப்படியே நிற்கும். பின்னலில் ஒட்டிய ரவை மல்லிகைப் பூவாயிற்று. நசீமாவின் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுல எம்மவ யாரு?" என்று கேட்டார். "குண்டா இருக்கறது," என்றாள் சுதா. நசீமா பிளேடைக் காட்டினாள்.

பஸ் செய்யலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். வந்துட்டா நான் போகோணுமே."

விதிகளும் நீ வைத்தவைதான். யாரும் தன் பொம்மைக்குத் தானே வண்ணம் தீட்டக் கூடாது. "நம்ம மூஞ்சி நமக்கு எங்க தெரியுது? பாக்கறது மத்தவிங்க." சீட்டுப் போட்டோம். நசீமாவும் சுதாவும் ஒருவரை ஒருவர் எடுத்தார்கள். எனக்கு நீ. உனக்கு நான்.

அடுத்த விதி, கண் கடைசியில். கோயில் சிலைக்குக் கண் திறக்கிற மாதிரி, நான்கு பேருக்கும் ஒரே நாளில். லீவு விடுகிற சனிக்கிழமை என்று குறித்தாய். தேங்காய் உடைக்கலாம் என்றாள் சுதா. எவ்வளவு பெரிய தேங்காய் என்று நசீமா கேட்டாள்.

உன் நிறத்துக்குப் பழுப்பும் மஞ்சளும் கொஞ்சம் வெள்ளையும் கலந்தேன். நீ எட்டிப் பார்த்தாய். "வெள்ளையா அடிச்சுப்போடாத அம்மணி. எங்கம்மாளுக்கு அடையாளம் தெரியாது." வெள்ளையைக் குறைத்தேன்.

சனிக்கிழமை வரை உன்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே, எப்படி இருப்பேன் என்று பார்க்க, என் பொம்மைக்குக் கண் வைத்தாய். கை தவறிக் கறுப்பு கன்னத்தில் இழுத்துவிட்டது. அதைத் துடைக்க உன் பையிலிருந்த நகப்பாலீஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டாய். நகத்தில் போகிற பெயிண்ட் பொம்மையிலும் போகும் என்று நினைத்திருப்பாய். பெயிண்ட் போனது. பிளாஸ்டிக்கும் கூடவே கரைந்து வந்தது.

"ஐயோ, இவ மூக்கு போச்சு!" என்றாள் நசீமா.

"மூக்கு மட்டுமா, வாயும் போச்சு. இனிமேப்பட்டு எதுத்துப் பேச மாட்டா," என்றாள் சுதா.

நீ சிரிக்கவில்லை. பஞ்சைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். "நான் சரிபண்ணித் தாரேனுங்க. யாரும் கை வெக்காதீங்க. லீவு முடிஞ்சு வந்து புது மூஞ்சி வெச்சுத் தாரேனுங்க." பயந்தால் எங்களிடம்கூட உனக்கு மரியாதை வந்துவிடும்.

சனிக்கிழமை அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கண் வைத்தார்கள். உனக்கு நான் வைக்கவில்லை. என் முகம் ஆன பிறகு இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்றேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறினாய். லீவில் மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு வார்டன் அறைக்குப் போன் வந்தது.

உங்கள் வீட்டில் உன்னைப் பார்த்தேன். பக்கத்தில் எல்லாரும் அழுதார்கள். கலவையில் மஞ்சள் அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். அது மட்டும்தான் நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

காரியத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நீங்க செஞ்ச பொம்மையில என்ற புள்ளயும் நிக்கறாளாமா. படுத்துக்கிட்டே அதையேதான் சொல்லிட்டிருந்தா. கொண்டாந்து குடுப்பியா சாமி?"

"சரிங்க," என்றேன்.

கண் இல்லை என்று சொல்லவில்லை.

நேற்று சுதா சொன்னாள்: "கண்ண வெச்சுரு. அவங்கம்மா அப்படியா பாக்கோணும்?"

"உன்ற மூஞ்சிய நானே பண்ணித் தர்றேன்," என்றாள் நசீமா. வேண்டாம் என்றேன்.

"பின்ன மூஞ்சியே இல்லாம நிப்பியா?" என்றாள் சுதா.

"இப்பவும் அப்படித்தான நிக்கறா," என்றாள் நசீமா. சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டாள். டீ குடிக்காமல் போய்விட்டார்கள்.

கோபமில்லை. சரியாகத்தான் சொன்னாள்.

உன்னுடையது எல்லாம் நினைவிருக்கிறது. செருப்பு வாருக்குக் குத்தியிருந்த ஊக்கு, ஒரு பக்கமாகச் சரிந்த பொட்டு, துண்டால் முடியைத் தட்டுகிற சத்தம். கண் மட்டும் வருவதில்லை. நினைத்தால் உங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்த மூடிய கண்தான் வருகிறது. அதை எப்படி வைப்பது? ஒரு கோடு போதும். உன் அம்மாவிடம் அந்தக் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

மதியம் பெட்டியைத் திறந்தேன்.

பலகைமேல் சலித்த மணல். பேனா ரீஃபிலில் செய்த கம்பம். நசீமாவும் சுதாவும் பஸ் வருகிற பக்கம் பார்க்கிறார்கள். என் பொம்மையும் அந்தப் பக்கம்தான், வழவழவென்று உருகிய முகத்தோடு. சோப்பு மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். உன் தலை மட்டும் திரும்பியிருந்தது. பெட்டி மூடியில் அந்தச் சிப்பாய் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்கிறவன். அவன் தலைதான் வேண்டும் என்று நீ பிடிவாதமாக எடுத்தாய். "பஸ்ஸ நீங்க பாருங்க. நான் உங்களப் பாக்கறேன்."

திரும்பிய தலை என் பக்கம் இருந்தது. என் முகம் இருக்க வேண்டிய இடத்தின் பக்கம்.

பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நீ பார்த்தது அப்போது வந்தது. நான் கோபித்துக்கொள்வேனா என்று பார்த்தது. கருவிழி ஓரத்துக்குப் போயிருந்தது. தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும்.

கோபிக்கவில்லை என்று நான் அன்று சொன்னேனா? நினைவில்லை.

வெள்ளையில் இரண்டு கீற்று வைத்தேன். காய நேரமாகும். எதிர்வீட்டுக்காரர்கள் ஏணியை எடுத்துப் போனார்கள். வார்டன் ஒருமுறை கதவருகே வந்து நின்றார். வாசனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஊசிமுனையில் கறுப்பைத் தொட்டு, ஓரத்தில் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி.

நீ பார்க்கிறாய். எதிரே முகம் இல்லை. ஆனாலும் பார்க்கிறாய்.

உன் அம்மா கேட்டது உன்னை மட்டும். பிளேடால் உன்னைப் பலகையிலிருந்து பெயர்க்கலாம். பாதம் உடையும். பெயர்க்கவில்லை. நால்வரையும் கொடுக்கப் போகிறேன். நடுவில் நிற்கும் இது யார் என்று அவர் கேட்டால், நான்தானுங்க என்று சொல்வேன். ஏன் இப்படி என்றால், அவள் வந்து சரிபண்ணுவதாகச் சொன்னாள் என்பேன்.

கண் காய்ந்ததும் மூடியைப் போட்டுக் கயிறு கட்டினேன். உக்கடம் போனேன். உடுமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு டிக்கெட் வாங்கினேன்.