தரையைத் தொடாத கம்பி

இன்று காலை கடைக்கு வந்து ஸ்வெட்டரைக் கழற்றியபோது அது தலைமுடியோடு சேர்ந்து படபடவென்று பொரிந்தது. பிறகு இரும்பு அலமாரியைத் தொட்டேன். விரல் நுனியில் சுருக்கென்றது. ஆடிக் காற்று ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டுத்தான் பதுளைக்கு இறங்குகிறது. ஊரில் எல்லோருக்கும் இது துணி காய நல்ல காலம். உனக்கும் எனக்கும் மட்டும் இது பயந்து பயந்து கழிந்த காலம். இந்த வருடம் அந்தப் பயத்தோடு நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் வந்து, ஒரே கோர்ஸ் படித்து, பஸாரில் இந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் திருத்தும் கடை போட்டோம். மணிக்கட்டில் பட்டியை மாட்டி, அதன் கம்பியைச் சுவரோரம் போகும் இரும்புத் தண்ணீர்ப் பைப்பில் கவ்வ விட்டுத்தான் எதையும் திறப்போம். உடம்பில் சேரும் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும். வருகிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். "ஷாக் அடிக்குமாங்க?" என்று கேட்பார்கள். "நமக்கு இல்லீங்க, அதுக்கு" என்று நீ மேசையில் கிடக்கும் போர்டைக் காட்டுவாய்.

நமக்கு உறைக்கக்கூட உறைக்காத ஒரு சின்னப் பொறி போதும். சத்தம் இல்லை, புகை இல்லை, கருகிய வாசனை இல்லை. அதைவிடப் பயங்கரம், அடிபட்ட சிப் சில சமயம் உடனே சாகாது என்பதுதான். நன்றாக வேலை செய்துகொண்டே இருந்து, பிறகு ஒரு நாள் நின்றுவிடும். எப்போது அடிபட்டது, யார் கையால் என்று எவராலும் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் செல்வராஜ் அண்ணன் கடைக்கு வந்ததும் இதே போலக் காற்றடித்த ஒரு நாளில்தான். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் முந்தின மழையில் அவருடைய லய வீட்டுக்குப் பின்னால் மேடு சரிந்து, அவர் மனைவி மண்ணுக்குள்ளேயே போய்விட்டார். சேற்றிலிருந்து தோண்டியெடுத்த கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மகளின் பிறந்தநாள் வீடியோ அதில்தான் இருக்கிறது என்றார்.

"அவ பேசுறது அதுல மட்டுந்தாங்க இருக்கு. போன் எல்லாம் மண்ணோட போயிருச்சு. புள்ள அம்மா கொரல் மறந்து போகுதுன்னு அழுவுது."

ஹார்ட் டிஸ்க்கின் போர்டு துருப்பிடித்துப் போயிருந்தது. அதே மாதிரி இன்னொரு போர்டைத் தேடிப் பிடித்தோம். ஆனால் பழைய போர்டிலிருந்து ஒரு சிப்பைக் கழற்றிப் புதியதில் பொருத்த வேண்டும். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அந்த டிஸ்க்கைப் படிக்கத் தேவையான விவரம் அதில் மட்டுமே உண்டு. அது செத்தால் உலகத்தில் வேறு சிப் கிடையாது.

நீ கழற்றினாய். நான் அதை இடுக்கியால் பிடித்திருந்தேன். கீழே ஏதோ இரும்பை அறுக்கும் சத்தம் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நீ தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாய். உன் முகம் வெளுத்தது.

"பைப்ப மாத்துறாங்கடி. எல்லாம் பிளாஸ்டிக்."

நம் கம்பி கவ்வியிருந்தது சுவரில் மிஞ்சிய ஒரு துண்டு இரும்பை. அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. காலைக் குளிருக்குப் போட்டுவந்த ஸ்வெட்டரைக் கழற்றலாமென்று இடது கையை அசைத்தேன்.

"கழட்டாத. அசையவே அசையாத. மூச்சு மட்டும் விடு."

சிலை மாதிரி உட்கார்ந்தேன். மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சிப்பின் கால்கள் இடுக்கியின் நுனியில் மினுங்கின. என் கை நடுங்கினால் விழும். நடுங்காவிட்டாலும் என் உடம்பிலிருப்பது அதற்குள் பாய்ந்துவிட்டால் போச்சு. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேட்டிலின் சுவிட்சை மெதுவாகத் தட்டிவிட்டு, காற்றில் ஈரம் ஏற அறையில் ஆவி பரவவிட்டாய். ஒரு செப்புக் கம்பியை எடுத்து என் பட்டி, உன் பட்டி, போர்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினாய்.

"தரை இல்லாட்டி போகுது. நீ, நான், அது, மூணு பேரும் ஒரே மாதிரி இருந்தா பொறி எங்கயும் பாயாது."

ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் அயனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் சூடு ஆறுவதற்குள் சிப்பைப் பொருத்தி முடித்தாய்.

டிஸ்க் சுழன்றது. வீடியோ திறந்தது. சிவப்புச் சேலையில் ஒரு பெண் கேக்கின் மேல் மெழுகுவர்த்தியை ஊதும் குழந்தையிடம், "மெதுவா ஊது சாமி, எச்சி படும்" என்று சிரித்தாள். நீ அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. உடனே பிரதி எடுக்கத் தொடங்கினாய். முக்கால்வாசி வந்திருக்கும், டிஸ்க் டிக் டிக் என்றது. அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எதற்கும் அது அசையவில்லை.

கிடைத்ததைச் செல்வராஜ் அண்ணன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "மிச்சம் வராதுங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வராது என்று நீ தலையை ஆட்டினாய். அவர் போன பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாய்.

"நான் கழட்டும்போதே பைப் அறுந்திருக்குமோ? நம்ம கைதானோடி?"

மண்ணும் சேறும்தான் காரணமாயிருக்கும் என்றேன். ஒவ்வொரு ஆடியிலும் நீ அதையே கேட்டாய். நானும் அதையே சொன்னேன். எனக்கும் தெரியாது.

போன மாதம் படியேறி வந்து, "நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு, கேஸ்டிரிக்கா இருக்கும்" என்றாய். தண்ணீர் எடுத்து வருவதற்குள் மேசையில் சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோவில் நீ என் மடியில் கிடந்தாய். உன் கையைப் பிடிக்க எனக்குப் பயமாக இருந்தது. பிடித்தபோது அது குளிர்ந்திருந்தது.

உன் கருமாதிக்குச் செல்வராஜ் அண்ணன் வந்தார். பக்கத்தில் வளர்ந்துவிட்ட மகள். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ளகிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேம்மா. வராம போன துண்டுல ஒன்னுமே இல்ல. அந்த வீடியோவ நாந்தான எடுத்தேன். எல்லாரும் சாப்பிட ஒக்காந்துட்டாங்க, அவ அடுப்பாங்கரைக்குப் போயிட்டா. அவ பேசுனது பூரா வந்துருச்சு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மகள் சட்டென்று நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு அதுவும் குனிந்துகொண்டது.

உன்னிடம் சேர்க்க வேண்டிய வார்த்தை என்பதால் அப்படியே எழுதிவிட்டேன். நீ இருந்திருந்தால் அது நிஜமா, நம் மனம் ஆற வேண்டுமென்று சொன்னதா என்று அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.