மின்னிக்கு ஒரு மூட்டை மண்

எப்போதும்வென்றான்,
கார்த்திகை 18

அன்பு மகள் காவியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் நலம் என்று சொல்ல இங்கே ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பாய்மரப் படகில் பத்திரமாக இருக்கிறீர்களா, நாய்க்குட்டி மின்னி ஒன்றுக்குப் போனாளா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆவல். போனில் கேட்டிருக்கலாம், ஆனால் சில விஷயங்களைப் போனில் பேச எனக்கு வாய் வராது. உங்கள் கொச்சிக்கு லாரியில் லோடு ஏற்றிப் போகிற காசிராஜனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு மூட்டையையும் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

விதைத்த உளுந்து முளைக்கிற சமயத்தில் மழை இல்லை, பிறகு மொத்தமாகக் கொட்டி எல்லாம் அழுகிவிட்டது. புஞ்சைப் பக்கம் போகவே மனசில்லை. உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்னியின் தாய் கறுப்பி ஐப்பசிக் கடைசியில் பாம்பு கடித்துச் செத்துப்போனாள். வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் குரைக்க ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அம்மா தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதற்குக் காரணம் கறுப்பி இல்லை, நான்.

நம் வீட்டில் கன்னி இன வேட்டை நாய்க்குட்டியை விற்பதில்லை, கட்டிக்கொடுக்கிற பெண்ணோடு சீராகத்தான் அனுப்புவோம் என்பது உனக்குத் தெரியும். போன குட்டி திரும்பி வந்தால் பெண் வாழாமல் வந்துவிட்டாள் என்று ஊர் பேசும் என்பதும் தெரியும். உன் கல்யாணத்தில் எல்லோரும், படகுல குடியிருக்கப் போற பிள்ளைக்கு ஓடுத நாய் எதுக்கு அண்ணாச்சி என்று கேட்டார்கள். முறையை விடலாமா என்று நான் பெரிய மனுஷனாகப் பேசினேன். அது பாதிப் பொய் காவியா. ஆறு குட்டிகளில் வீட்டுக்குள் ஒரு நாள்கூட நனைக்காதது மின்னி மட்டும்தான். கால் மண்ணில் பட்டால்தான் போவாள், படுக்கிற இடத்தில் போகவே மாட்டாள். தெரிந்துதான் அவளைப் பொறுக்கிக் கொடுத்தேன். குட்டி படகில் தரிக்காது, அதற்காக நீ கரையேறுவாய், மாப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் ஒரு வீடு பிடிப்பார் என்று நினைத்தேன். கடலென்றாலே எனக்குப் பயம். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு வாயில்லாச் சீவன் தலையில் கட்டிவிட்டேன்.

போன வாரம் நீ அழுதுகொண்டே, மின்னி இருபத்தாறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு நடுங்குதுப்பா, இன்னொரு தடவ இப்படி ஆனா கஷ்டம்னு டாக்டர் சொல்லுதாரு, பேசாம லாரியில ஏத்தி அனுப்பிருதேன் என்றாய். குட்டி படகில் தரிக்கவில்லை என்று நீ சொல்வதற்குத்தான் மூன்று மாதமாக நான் காத்திருந்தேன். நீ சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா, நீங்க தெரிஞ்சுதான குடுத்தீய என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்றைக்கு நின்றதுதான் எங்கள் பேச்சு.

மூட்டையில் இருப்பது நம் கரிசல் மண். மழைக்காலத்தில் கறுப்பி ஒன்றுக்குப் போய்வந்த டிராக்டர் கொட்டகை ஓரத்தில் வெட்டி, தாயின் வாடை போகாமல் நிழலில் உலர்த்தியது. மழை படாமல் அவள் வாடை மிஞ்சியிருக்கிற இடம் அது ஒன்றுதான், இனி அங்கே போக அவளும் இல்லை, அதனால் ஒரு பிடி சிந்தாமல் வைத்துக்கொள். அகலமான தட்டில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பிப் படகின் முன்பக்கம் வை. விடிந்ததும் சாப்பிட்டதும் அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பேசாமல் நில், அதட்டாதே. கறுப்பியை டிராக்டர் டிரெய்லருக்குப் பழக்கும்போது நின்ற வண்டியிலேயே பத்து நாள் சோறு வைத்தேன், பிறகு என்ஜினை மட்டும் ஓடவிட்டேன், அதற்கப்புறம்தான் நகர்த்தினேன். படகையும் கட்டிப்போட்டபடியே பழக்கு. பாய் படபடவென்று அடிக்கிற சத்தத்துக்கு அவள் காது பழகும்வரை நீங்கள் போகவிருக்கிற மாலத்தீவுப் பயணம் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். கிளம்புகிற அன்று வயிறு நிறையப் போடாதே, கக்கிவிடுவாள். ஓரக் கம்பி முழுக்க வலை கட்டுங்கள், பறவையைக் கண்டால் பாய்ந்துவிடுவாள். கட்டுகிற வாரைக் கழுத்தில் மாட்டாதே, நெஞ்சோடு சேர்த்து மாட்டு.

இவ்வளவும் செய்தும் அவள் அடக்கிக்கொண்டே இருந்தால் லாரியில் ஏற்றாதே. நானே வந்து தூக்கிக்கொண்டு வருகிறேன். ஊர் கேட்டால் குட்டி பொறுக்கினவன் செய்த தப்பு என்று நானே சொல்லிக்கொள்கிறேன். குட்டி வந்தாலும் நீ உன் இடத்தில் இரு. உன்னைக் கரையேற்ற இனி நான் ஒன்றும் செய்யமாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் கடலில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மின்னி அந்த மண்ணில் ஒன்றுக்குப் போய்விட்டால் உடனே போன் பண்ணு. என்னிடம் வேண்டாம், அம்மாவிடம் சொல். அவள் வந்து என்னிடம் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
இசக்கிதுரை