ஏழுக்கு எட்டாத நட்சத்திரம்

அகில அண்டத்துக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை பத்தரை மணி சுமாருக்குச் சூரியன் என் தலையில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. உள்ளே பொருளே இல்லாத மண்டை என்று நீ சொல்வாய், ஆகவே பொருட்சேதமும் இல்லை.

விழுந்தது மஞ்சள் மிதவை. கத்திவாக்கத்தில் உன் வீட்டுக்குப் பின்னால், வலை போட்டுவைக்கும் கொட்டகையின் நட்டநடுவில் நீ தொங்கவிட்டது. ஆணி துருப்பிடித்து விட்டுக்கொடுத்துவிட்டது. எடுத்து மோந்து பார்த்தேன். அதே வாடை: காய்ந்த வலை, கொஞ்சம் டீசல், நிறைய இறால். சூரியனுக்கு இறால் வாடை அடிக்கும் என்று உலகத்தில் எந்த விஞ்ஞானியும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். பழக்கதோஷம்.

ஒன்பதாவது படிக்கும்போது நாம் எழுத ஆரம்பித்த விண்வெளிக் கதைக்காகத்தான் அந்தச் சூரியன். எனக்கு வசனம் எழுதினால் போதும். உனக்குப் போதாது. "கப்பல் போற எடம் நெசமா இருக்கணும் மாமு. உன் இஷ்டத்துக்கு அவுத்து வுடக்கூடாது" என்றாய். பக்கத்து நட்சத்திரங்களின் பட்டியலை எங்கிருந்தோ போனில் இறக்கினாய். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: சூரியனிலிருந்து குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு, மேலோ கீழோ எவ்வளவு. ஓர் ஒளியாண்டுக்கு ஒரு சாண் என்று முடிவாயிற்று. ஸ்கேல் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"கடல் ஆழத்தையே எங்கப்பா ரெண்டு கையையும் விரிச்சு பாகத்துல அளக்கறாரு. ஆகாசத்துக்கு இன்னாத்துக்குடா ஸ்கேலு?"

அப்படித்தான் உன் வலது கை வானத்துக்கே அளவுகோல் ஆனது. மிதவைகள் நட்சத்திரங்கள், தங்கூசி என்கிற தூண்டில் நரம்பில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். தகரத்துக்கு மேலே போகிற நட்சத்திரங்களை, பட்டா இல்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்தேன். ஞானஸ்நானமும் நான்தான். எப்சிலான் எரிடானிக்கு 'எரிடா நீ'. டௌ செட்டிக்கு 'டாவு செட்டு'. சிரியஸை மட்டும் நீ தொடவிடவில்லை. அது போகட்டும், அதுவே பின்னால் தானாக மாறிக்கொண்டது.

கதை இதுதான். சிரியஸ் பக்கத்தில் நம் குப்பத்து ஜனம் கப்பலிலேயே குடியிருக்கிறது. டாவு செட்டில் கடல் இருக்கிறது, அங்கே போக வேண்டும். நடுவில் இறங்கி மூச்சு வாங்க ஒரே இடம்தான், எரிடா நீ. கப்பல் ஒரே தம்மில் ஏழு சாண்தான் போகும். முக்குளிக்கிறவனுக்குத் தம் இருக்கிற மாதிரி, நீ வைத்த விதி. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் என்று பட்டியலில் இல்லை. வர்க்கமூலம் போட்டால் வருமாம். வர்க்கமூலத்துக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாவற்றையும் தொங்கவிட்டுவிட்டு, இடையில் சாண் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது.

எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். எரிடா நீ மட்டும் பாக்கி. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது, போகவில்லை. ரத்தத்தில் ஏதோ எண்ணிக்கை குறைகிறது என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒருநாள் நீயே போன் செய்தாய்.

"மாமு, நர்சம்மா அம்மாகிட்ட சொல்லிகினு இருந்துச்சு, பையன் சீரியஸாம். கரெக்டா கப்பல் கீற எடத்துலதான் நானும் கீறேன்."

வார்த்தையை வைத்து விளையாடுகிறவன் நான். அன்றைக்கு, "போடா லூசு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் உன் அம்மா ஒரு தங்கூசித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படுக்கையிலேயே சாண் போட்டு ஏழு முடிச்சு போட்டிருந்தாய். "இதை வெச்சே அளக்கச் சொன்னான் நைனா. உன் குருவிக் கையால அளந்துடப் போறியாம்." அந்த வாரம் முழுவதும் அவர்கள் சொல்லிச் சிரித்தது அது ஒன்றைத்தான்.

அந்த முடிச்சு நரம்பால் சூரியனிலிருந்து அளந்து எரிடா நீயைத் தொங்கவிட்டேன். பிறகு சிரியஸிலிருந்து அதற்கு இழுத்துப் பார்த்தேன். ஏழாவது முடிச்சு முடிந்துவிட்டது. நட்சத்திரம் இன்னும் முக்கால் சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்தேன். கொட்டகைக்குள் வேறு சுற்றுவழியும் இல்லை. உனக்கு போன் போட்டேன்.

"மாமு, பேச்சுக்குச் சொல்றேன். ஏழுக்குப் பதிலா எட்டு வெச்சுக்கலாமா? எட்டு வெச்சா எட்டும்டா."

"எட்டு, எட்டும்னு மொக்கை போடாத. எட்டலன்னா விதிய மாத்துவியா? அப்புறம் கதை இன்னாத்துக்கு?" உனக்கு மூச்சு வாங்கியது. மூச்சுக்கு நடுவே, "இன்னும் அளக்கலதான?" என்றாய்.

"இல்ல. நாளைக்கு."

மறுநாள் நான் உன்னிடம் சொன்னதும், அதற்கு நீ "கில்லாடிடா நீ" என்றதும் நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏழு சாணுக்குள் வழி கண்டுபிடித்த மாலுமி நான்தான் என்று வகுப்பிலும் டீக்கடையிலும் சொல்லாத நாள் இல்லை. பதினோராவது வந்தும் விடவில்லை. நீ போன பதினாறாம் நாள் காரியத்தில்கூட, உன் மாமன் ஒருவர் அழுதுகொண்டிருந்தபோது, அவரிடம் சொன்னேன்.

இன்று உன் வீட்டைக் காலி செய்கிறார்கள். உன் அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். மணலி புதுநகரில் வாட்ச்மேன் வேலை, அங்கேயே குடி. கொட்டகையை மதியத்துக்குள் ஒழித்துத் தர வேண்டும். இந்த வானத்தை எப்படி எடுத்துப்போவது என்று காலையிலிருந்து நின்று பார்த்தேன். நரம்பை அறுத்தால் வெறும் மிதவை. ஒரு சாக்கில் மொத்த அண்டமும் அடங்கிவிடுகிறது, தூரம் மட்டும் அடங்கவில்லை.

உன் அம்மா உள்ளே வந்தார்கள். "அறுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தபா காட்டு நைனா. எந்த வழியா போச்சு? 'கப்பல் போயி சேந்துட்சும்மா, அவன் வழி கண்டுபுட்சிட்டான்'னு சொல்லிக்கினே இருந்தான். கடேசி நாளும் அதான் சொன்னான்."

காட்டினேன். சிரியஸில் ஆரம்பித்து அவர்கள் விரல் என் விரல் பின்னாலேயே வந்தது. எரிடா நீயில் நின்றது. டாவு செட்டைத் தொட்டது. "கிட்டத்துலதான் கீது" என்றார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அத்தை என்று கூப்பிட்டேன். "இன்னா கண்ணு?" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். அவர்களே அரிவாளால் நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

மிதவைகள் அவர்களோடு மணலிக்குப் போய்விட்டன. ஏழு முடிச்சு நரம்பு என் சட்டைப்பையில் இருக்கிறது. இப்போதும் விரல்களை விரித்து வைத்துப் பார்க்கிறேன். குருவிக் கை வளர்ந்துவிட்டது மாமு; ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்குக் கச்சிதமாக வருகிறது. அன்றைக்கே இப்படி இருந்திருந்தால் ஏமாற்றக்கூட முடிந்திருக்காது.

ஆமாம், ஏமாற்றினேன். "எட்டுச்சா?" என்று கேட்டாய். "ஏழுக்கே எட்டுச்சு மாமு" என்றேன். போனை வைத்ததும் பயம் வந்தது. நீ குணமாகி வந்து அளந்தால் மாட்டிக்கொள்வேனே. அதனால் எரிடா நீயை அவிழ்த்து, உன் முடிச்சை ஓரமாக வைத்துவிட்டு, சூரியனிலிருந்து என் சின்னச் சாணால் அளந்து உள்ளே தள்ளிக் கட்டினேன். நீ வந்து என்னைப் பிடிப்பாய் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன்.

நான் வழி எதையும் கண்டுபிடிக்கவில்லைடா. நட்சத்திரத்தைத்தான் நகர்த்தினேன்.