தொப்பூர் இறக்கத்தில் எதிர்ச்சொற்கள்

இன்று காலை மருத்துவமனை ஓய்வறையில் யாரோ சுக்குக் காப்பி கலந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் பின்னாலேயே வந்து, "சிஸ்டர், உங்களுக்குச் சுக்கு ஆகாதுங்களா?" என்று கேட்டாள். ஆகாது என்று மட்டும் சொன்னேன். நீ கடைசியாகக் குடித்தது அதுதான் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு நம் இருவருக்கும் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தருமபுரியில் ஒரே வார்டில் வேலை. நான் ஏரியூர்க்காரி. நீ மாரண்டஹள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவள். "நாலாவதா இதையும் சேத்துக்கிட்டா போச்சு" என்பாய். மூன்று மொழி தெரிந்த திமிர். டூட்டி தொடங்குமுன் ஒருத்தி நோயாளியாகவும் மற்றவள் நர்ஸாகவும் நடித்துப் பழகுவோம். அப்போது ஆங்கிலம் தவிர வேறு பேசக்கூடாது என்பது நீ போட்ட சட்டம்.

நான் வார்த்தைகளை ஒவ்வொன்றாக நெட்டுருப் போடுவேன். உனக்கு அது பிடிக்காது. "பெயின்னு ஒத்த வார்த்தைய வெச்சுக்கிட்டு என்னடி பண்ணுவ? மரம்னு சொன்னா புளியமரமா வேப்பமரமான்னு கேக்க மாட்டாங்களா?" என்று அந்த வார்த்தைக்குக் கீழே அதன் பிள்ளைகுட்டி வார்த்தைகளை வரிசையாக உட்கார வைப்பாய். கத்தியால் குத்தினாற்போல் இருந்தால் ஸ்டாபிங், எரிந்தால் பர்னிங், விண்விண்ணென்று தெறித்தால் த்ராபிங், மந்தமாக நீண்டு கிடந்தால் ஏக். எந்த வார்த்தை எதோடு ஒட்டும் என்பதிலும் உனக்கு வம்புதான். மழை ஹெவி, டீ ஸ்ட்ராங், இருமல் மட்டும் பேட். "கெட்ட இருமலா? அப்ப நல்ல இருமலு எங்கடி இருக்குது?" என்று கேட்டு நீயே இருமிக் காட்டிச் சிரிப்பாய்.

அன்றைக்கு நீ வரும்போதே கையில் சுக்குக் காப்பி இருந்தது. முகம் வெளுத்திருந்தது. "வயித்துல கேஸ்டி, விடியலேருந்து படுத்துது" என்றாய். நோயாளி வேடம் உன் முறை. வலி எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஹெவி" என்றாய். எங்கெல்லாம் பரவுகிறது என்றேன். இடது கையைத் தொட்டாய், பிறகு தாடையை. என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்து அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். நீ மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, "நொப்பி" என்றாய்.

வலிக்கு உங்கள் வீட்டுச் சொல் அது. மருத்துவமனைக்குள் நீ தெலுங்கு பேசி நான் கேட்டதே இல்லை. சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

ஈசிஜி தாளைப் பார்த்த டூட்டி டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "உடனே சேலம் கொண்டு போயிடணும் சிஸ்டர். நீங்களே கூடப் போங்க. பேச்சுக் குடுத்துட்டே இருங்க."

ஆம்புலன்ஸில் உன்னிடம் என்ன பேசுவது? அழாமல் எதைப் பேச முடியும்? நமக்குப் பழகியதையே எடுத்தேன். நான் ஒரு வார்த்தை சொல்ல, நீ எதிர்ச்சொல் சொல்ல வேண்டும். "ஹாட்?" மாஸ்க்குக்குள்ளிருந்து "கோல்ட்" வந்தது. "நேரோ?" "வைட்." "ஹெவி?" கொஞ்சம் பொறுத்துத்தான் "லைட்" என்றாய். ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடத் தாமதமாக வந்தது.

தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. சைரன் அலறியும் ஒதுங்க யாருக்கும் இடமில்லை. டிரைவர் கீழே குதித்து, "அண்ணா, கொஞ்சம் ஒதுக்குங்கண்ணா, உசுருங்கண்ணா!" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். மானிட்டரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் தன்பாட்டுக்கு அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டது.

"அஃப்ரெய்ட்?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயத்துக்கு எதிர் பிரேவ் என்றுதான் நாம் படித்திருந்தோம். இல்லை என்று நீ தலையசைத்தாய். மாஸ்க்கை விலக்கப் பார்த்தாய். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அதுக்கு எதிரு தெரியலடி. கைய மட்டும் உட்டுறாத."

விடவில்லை. வழி கிடைத்து வண்டி பறந்தபோதும் விடவில்லை. சேலம் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது அங்கிருந்த டாக்டர்தான் என் விரல்களைப் பிரித்தெடுத்தார். உன் பிடி வரும் வழியிலேயே தளர்ந்துவிட்டிருந்தது.

உன்மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம். ஊரார் வலிக்கெல்லாம் பெயர் தேடித் தேடி வைத்திருந்தவள், உன் வலியை மட்டும் கேஸ் என்று சொல்லி மூடிவிட்டாய். தேர்வை நான் எழுதினேன், தேறினேன். வெளிநாடு போகத்தான் இன்னும் மனம் வரவில்லை.

"நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க" என்று வருகிறவர்களை நான் லேசில் விடுவதில்லை. குத்துதா, எரியுதா, பாரமா அழுத்துதா என்று கேட்டுக் குடைந்துவிடுவேன். அந்தச் சிஸ்டர் போலீஸ் மாதிரி என்று வார்டில் பேச்சு உண்டு. பேசிக்கொள்ளட்டும்.

ஆனால் "பயமா இருக்குதுங்க சிஸ்டர்" என்று ஒருவர் சொல்லும்போது, எல்லா நர்ஸும் சொல்கிற "பயப்படாதீங்க" என் வாயில் வருவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவர்களாக விடும்வரை நான் விடுவதில்லை.