ராஜாவின் மூக்கு

அப்பா,

ஆடி வெள்ளிக்காக இன்று வெள்ளி விளக்கைத் தேய்த்துவிட்டு, மிச்ச விபூதியில் தேய்க்க உங்கள் மெடலையும் எடுத்தேன். ஈர விபூதியின் வாசனை வந்ததும் வேலூர் வீட்டுக் கூடத்தில் நீங்கள் என் கண்முன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வெள்ளைக்கார ராஜாவின் முகம் பதித்த அந்த மெடலை அழுத்தி அழுத்தித் தேய்ப்பீர்கள். பளபளவென்று ஆகிவிட்டது, போதும் என்று அம்மா சொன்னாலும் விடமாட்டீர்கள். உங்களுக்கு அதன்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

எனக்கு இன்று கோபம் கோபமாக வருகிறது அப்பா. இங்கே அமெரிக்காவில், எங்கள் எடிசன் ஊரில், இந்தியச் சுதந்திர தின ஊர்வலத்துக்கு ஒரு வண்டி ஜோடிக்கிறார்கள். உங்கள் திதியன்று வாட்ஸ்அப்பில் நான் போட்ட ராணுவ உடுப்புப் படத்தை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேனரில் அடித்துவிட்டார்கள். கீழே 'சுதந்திரப் போராட்ட வீரர்' என்று கொட்டை எழுத்து. மெடலையும் கொண்டுவரச் சொல்லி விழாக் குழுப் பையன் போன் செய்தான். அவர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சண்டை போட்டவரப்பா என்றேன்.

"அதனால என்ன ஆன்ட்டி? இங்க யாருக்கு டிஃபரன்ஸ் தெரியப் போகுது?"

உங்களுக்குத் தெரியும். சிறுவயதில் பள்ளிக்கூடச் சுதந்திர தினத்துக்கு மெடலைக் குத்திக்கொண்டு கிளம்பிய என்னை வாசலிலேயே மறித்துக் கழற்றினீர்கள். நான் அழுதேன். அன்றுதான், அந்த ஒரே ஒரு தரம், பர்மா சண்டையைப் பற்றிச் சொன்னீர்கள். ஓடைக்கரையில் குண்டடிபட்டு இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரத் துரை, உங்கள் அதிகாரி. இன்னொருவர் உங்களோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்த மாரிமுத்து. துரையைத் தூக்கு என்று உத்தரவு. தூக்கினீர்கள். திரும்பி ஓடிப் போனபோது மாரிமுத்துவுக்கு உயிர் இல்லை. துரையைக் காப்பாற்றியதற்கு மெடல் கொடுத்தார்கள்.

"நான் சுமந்தது ஒருத்தனைம்மா. முதுகுக்குப் பின்னாடி கூப்பிட்டுக்கிட்டே இருந்தது இன்னொருத்தன்."

குழுப் பையனிடம் இதையும் சொன்னேன். படம் போடுவதானால் நடந்ததை எழுதுங்கள், மாரிமுத்து பெயரையும் போடுங்கள் என்றேன். கொண்டாட்டத்தில் இதெல்லாம் சோகமாக இருக்கும் என்றான். உத்தரவு போட்டவனுக்கும் மாரிமுத்து வேண்டாம், இவனுக்கும் வேண்டாம். பேனரைக் கிழித்துப் போடாவிட்டால் வண்டிக்கு முன்னால் வந்து நிற்பேன் என்றேன். படத்தை எடுத்துவிடுகிறோம் ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க என்று போனை வைத்துவிட்டான்.

உங்கள் மேலும் கோபம்தான். ஒரு தரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டீர்கள். அந்த இன்னொருவருக்கு ஊர் எது, வீட்டில் யார் இருந்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

இன்று மெடலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ராஜாவுக்கு மூக்கே இல்லை. வாயும் மழுங்கிவிட்டது. இத்தனை வருஷம் நீங்கள் எதைத் தேய்த்து அழித்தீர்கள் என்று இப்போது புரிகிறது. கண் மட்டும் இன்னும் தெரிகிறது அப்பா. விபூதி இருக்கிறது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.