முத்திரை உடைத்த கை

வளம் குன்றாத வெண்கோட்டு நாடாளும் மும்முடி வில்லவர் திருவுளப்படி, ஓலைநாயகம் ஏறன் சாத்தன் எழுதுவது. கோடி நோய் தீர்த்த குரிசில், மூலிகைக் கடல், நாடியின் நாயகர், இன்னும் ஓலையில் இடமின்மையால் விடுபட்ட பட்டங்கள் பலவும் உடைய தலைமை மருத்துவர் பூழியராயர் காண்க. நீரும் உமது கல்வமும் குழவியும் நலமே விளங்குக.

போரில் காயம்பட்டவர் கட்டின்மீது அரச முத்திரை இட்டு, ஒன்பது நாள் எவரும் திறவாதிருப்பது உம் பாட்டனார் நாள்தொட்டு வரும் முறை. மருத்துவசாலையில் நோயாளரைப் பேணும் வெண்ணி என்பாள் அம்முத்திரையை உடைத்தாள், அவள் வலக்கையை வெட்டுக என்று விண்ணப்பித்தீர். அரசர் விசாரித்தார்.

ஒன்பதாம் நாள் கட்டவிழும்போது எழும் வாடையை ஏற்பது வெண்ணியின் மூக்கு. நீர் அதற்குள் நீராடப் போயிருப்பீர். நாள்தோறும் அவிழ்த்து, கொதித்தாறிய உப்புநீரால் கழுவினால் சீழ் குறையுமோ என்று அவளுக்கு ஓர் ஐயம். உம்மிடமே கேட்டாள். பிழைத்தவர் எல்லாம் வந்து வணங்குகிறார்கள், ஒருவரும் குறை சொன்னதில்லை என்றீர். செத்தவங்க எப்படி ஐயா வந்து குறை சொல்லுவாங்க என்று அவள் கேட்டதை விண்ணப்பத்தில் எழுத மறந்தீர் போலும்.

எல்லைப் போரில் வெட்டுண்டு வந்தோர் நாற்பதின்மர். கழுவிப் பார்க்கத் தானே ஆள் பொறுக்கினால் திடமானவரையே தன் கை தேடும் என்று வெண்ணி தன்னையே நம்பவில்லை. அவர்கள் இசைவு பெற்று, ஊர்ச்சபைக்கு ஆளெடுப்பதுபோல் ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கினாள். இருபதின்மர் கட்டு நாள்தோறும் திறந்தது. இருபதின்மர் முத்திரை உம் முறைப்படியே இருந்தது. ஏழாம் நாள் முத்திரை வரிசையில் ஒருவன் நெருப்பாய்க் கொதித்தான். என் சோதனை கெட்டால் கெடட்டும் என்று அவன் கட்டையும் அவிழ்த்தாள். அவன் பிழைத்தான். ஆயினும் குடம் சொன்ன வரிசையிலேயே அவனை எழுதினாள். அந்த நற்பெயரும் உமக்கே சேர்ந்தது.

காயங்களைத் தானே மதிப்பிட்டால் தன் பக்கம் சாய்வோம் என்று அஞ்சி, பிறவியிலேயே பார்வையற்ற பூத்தொடுப்பவர் சேந்தனை அழைத்தாள். யாருக்கு எந்தக் கட்டு என்று அவருக்குச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவர் முகர்ந்து சொன்னார். முத்திரை வரிசையில் அதற்குள் ஐவர் இறந்திருந்தனர், பதினொருவர் காயம் நாறியது. திறந்த வரிசையில் நாறியது மூவர் காயம், இறந்தவர் ஒருவர். அந்த ஒருவரை அவள் மறைக்கவில்லை. நான் தப்பாவும் எண்ணியிருக்கலாம், வேற ஊர்லயும் யாராவது எண்ணிப் பாக்கட்டும் என்றாள்.

அரசர் அதே போரில் காயம்பட்ட தம் கெண்டைக்காலை நீட்டினார். நான்கு நாளாய் அதிலும் நீர் இட்ட முத்திரை. நமக்கும் குடம் குலுக்கவேண்டுமோ என்று வினவினார். வெண்ணி வெட்டுப்படவிருந்த கையைப் பார்த்தபடி, அந்த அஞ்சு பேரைப் பாத்தப்புறம் இந்தக் கைக்குக் குலுக்க மனசு வராது சாமி, கழுவத்தான் வரும் என்றாள். அன்றே கழுவினாள்.

ஆகவே ஆணை. அக்கை அரசரின் காவலில் உள்ளது, எவரும் தொடலாகாது. நாட்டு மருத்துவசாலைகள் யாவும் கட்டுகளை நாள்தோறும் திறந்து, பிழைத்தோரோடு இறந்தோரையும் எண்ணி எழுதுக. நீர் முதியவர், உம் பட்டங்களுக்குக் குறைவில்லை. நாளைக் காலை வெண்ணியிடம் சென்று, கட்டவிழ்த்துக் கழுவி முடியும்வரை உடனிருப்பீராக.

உள்ளே செய்தி இருக்குமென்றே இவ்வோலையின் முத்திரையைத் தயங்காமல் உடைத்தீர். காயத்தின் கட்டுக்குள்ளும் செய்தி உண்டு.

இது அரசர் இலச்சினை.