அத்தானின் படகில் ஒரு புதுப் பலகை

மார்ச் 4, செவ்வாய்

அத்தான் தன் பாய்மரப் படகை விற்கப் போகிறாராம். பழசாக வாங்கிய பதினோரு வருடத்தில் அது கரையை விட்டுப் போனது நான்கு முறை. தொப்பி மட்டும் தினமும் தலையில் இருக்கிறது. படகுத்துறையில் எல்லோரும் தன்னைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும் என்பார். கூப்பிடுகிறார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உள்ளறைத் தேக்குத் தடுப்புச் சுவரின் கீழ்ப்பகுதி தண்ணீர் கசிந்து கறுத்துவிட்டதாம். அதன்மேல் மெல்லிய புதுப் பலகை வைத்து மூட வேண்டும். புதுசு என்று தெரியவே கூடாது. என்னைத் தவிர வேறு யாராலும் முடியாது என்று அக்காவை விட்டுச் சொல்ல வைத்தார். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போட்டே இருபது வருடமாகப் பிழைக்கிறேன். இப்படிப் புகழ்ந்தால் கூலி கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

புதுத் தேக்கு பச்சை கலந்த வெளுப்பு. பழையதோ முப்பது வருட வெயிலையும் விளக்குப் புகையையும் குடித்துத் தேன் நிறத்தில் இருக்கிறது. கடையில் ‘தேக்கு’ என்று எழுதிய டப்பாவை வாங்கிப் பூசிவிடலாமே என்கிறார் அத்தான். பூசலாம். பலகைக்கு மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பது சோதனைத் துண்டுகள். ஜன்னல் வெளிச்சத்தில் பொருந்துவது, விளக்கைப் போட்டால் சிவக்கிறது.

மார்ச் 13, வியாழன்

பதினான்காவது துண்டு! டீ டிகாஷனால் ஒரு கழுவல், நீர்த்த பழுப்புச் சாயம் ஒரு கை, அரக்குப் பாலிஷ் இரண்டு கை, மேலே வார்னிஷ். பளபளப்பைக் குறைக்க இரும்புப் பஞ்சால் தேய்த்தேன். பழைய தடுப்பின்மேல் அதைச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் துண்டைக் காணோம். அங்கேயேதான் இருந்தது. நான் வைத்ததை நானே தேடியிருக்கிறேன். இன்றைக்கு என் தலைக்கனத்துக்குக் கதவு அகலம் போதவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பலகையைத் திருகி முடித்தாயிற்று. மூடும்வரை அந்தக் கறுப்பை மறைத்தபடியே நின்றார் அத்தான். வெறும் கறைதானாம். நானும் கேட்கவில்லை. நிறத்தைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை — இல்லை, படவிடவில்லையா?

மார்ச் 22, சனி

படகு வாங்க ஒரு நர்ஸ் வந்தார். ஒரு வருடம் விடுப்புப் போட்டுவிட்டுப் பதினைந்து வயது மகளோடு கடலில் சுற்றப் போகிறாராம். தடுப்பைத் தடவிப் பார்த்து, இதில் எது புதுசு என்று கேட்டார்.

“எல்லாமே அந்தக் காலத்து மரம்மா” என்றார் அத்தான், கண்கூட இமைக்காமல்.

எனக்கோ, கண்டுபிடிக்க முடியவில்லையே என்று உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

பிறகு, கூட வந்திருந்த மகள், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி எங்கே முடிகிறது என்று கேட்டாள். அத்தான் இதே தடுப்பைக் காட்டினார். என் பலகைக்குப் பின்னால்.

திங்கட்கிழமை கையெழுத்து.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் தனியாகப் போய்ப் பலகையைக் கழற்றினேன். கறுப்பில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் போச்சு. ஊறின ரொட்டி மாதிரி. கம்பியோட போல்ட் எல்லாம் ஈரத்தூள்ல நிக்குது. ஒரு நல்ல காத்து அடிச்சா பாய்மரமே சாயும். அந்தப் பொண்ணு கீழ நின்னா? இதை மூடத்தானா பதினாலு துண்டு போட்டேன்? பொணத்துக்குப் பவுடர் பூசிட்டு, முகம் களையா இருக்குன்னு பெருமை வேற.

நர்ஸை வரச் சொன்னேன். பார்த்தார். திருப்புளியை வாங்கித் தானும் ஒருமுறை அழுத்தினார்.

“நேத்தே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்துட்டேன்” என்றேன்.

மார்ச் 24, திங்கள்

அக்கா போன் செய்தாள். “கூடப் பொறந்தவ செய்யற வேலையாடி இது?” வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 9, புதன்

தடுப்பு முழுவதையும் மாற்றித் தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று நர்ஸ் சொல்லியனுப்பினார். செய்தி துறை முழுக்கப் பரவிவிட்டதால் அத்தானுக்கும் வேறு வழியில்லை. நிறம் பொருத்தித் தரட்டுமா என்று நர்ஸிடம் கேட்டேன். வேண்டாம், புதுசு புதுசாகவே தெரியட்டும் என்றார். வெறும் வார்னிஷ் அடித்தேன். யாரும் அடிக்கலாம். எனக்கு வேண்டியதுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

படகு கைமாறியது. துறையில் பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் அத்தான்: “எனக்கு முதல்லேருந்தே சந்தேகம். நான்தான் இவகிட்ட, கழட்டிப் பாரு, உள்ள என்ன இருக்கோன்னு சொன்னேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த அக்காவும் பார்த்தாள், ஒரு மாதத்துக்குப் பிறகு. என் நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தைகளாக வந்து நின்றன.

“ஆமா, அத்தான்தான் சொன்னார்” என்றேன்.

அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.